கணக்குப் படிக்கப் போனவள் பட்டா படித்த கதை

ஆறு வருஷத்துக்கு முன்னால், தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தினமும் போய் வருவேன். ஊர் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இன்னும் அதே தெருவில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எங்கள் கல்லூரியில் ஒரு விதி இருந்தது. யார் எந்தத் துறையில் படித்தாலும், வேறு துறையிலிருந்து ஒரு பாடத்தைக் கட்டாயம் எடுத்துத் தேற வேண்டும். தேறாவிட்டால் டிகிரி கிடையாது. என்ன பாடம் என்பதை நாமே ஆன்லைனில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், போனில் சிக்னல் இல்லை. கல்லூரிக்குள் நுழைந்து பார்த்தபோது போட்டோகிராபி, மேடைப் பேச்சு, உணவும் சத்தும் எல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது வரலாற்றுத் துறை நடத்தும் ஒரே பாடம். ‘நில ஆவணங்கள்: ஓர் அறிமுகம்.’ வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கம் சொக்கும் வேளையில்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்கு அப்போதே படிக்க ஆரம்பித்திருந்தேன். போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். இருக்கிற கொஞ்ச நேரத்தில் பட்டா, சிட்டா என்று யார் படிப்பது? என்னைப் போலவே கடுப்பில் இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு முதல்வருக்கு ஒரு மனு எழுதினேன். எங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத பாடத்தைக் கட்டாயமாக்கக் கூடாது, விருப்பமுள்ளவர்கள் மட்டும் படிக்கட்டும் என்று. வாசகம் முழுக்க என்னுடையது. முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

அந்தப் பாடத்தை நடத்தியவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். முப்பது வயசு இருக்கும். ஸ்கூட்டியில் வருவார். மனு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது என்று பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். முதல் நாள் வந்து, போர்டில் ஒரு கோணல்மாணலான கட்டம் போட்டுவிட்டுக் கேட்டார்.

“உங்க வீட்டு நிலத்தோட சர்வே நம்பர் யாருக்காவது தெரியுமா?”

நாற்பது பேரில் ஒரு கைகூட உயரவில்லை. எனக்கு என் ஹால் டிக்கெட் எண் மனப்பாடம். நாங்கள் சாப்பிடும் சோறு விளைகிற வயலின் எண் தெரியாது. கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தாத்தா அந்த வயலில் கூலிக்கு வேலை செய்தவர். பிற்காலத்தில் அவரும், அவரோடு கூட வேலை செய்த நண்பரும் சேர்ந்து, ஒரே நாளில், அடுத்தடுத்து ஆளுக்கு மூன்று மா நிலம் வாங்கினார்கள். மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். தாத்தாவுக்குப் பிறகு எங்கள் நிலம் அப்பாவுக்கு வந்தது. நண்பருடைய நிலம் அவர் மகனுக்கு வந்தது. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு இல்லை. அப்பா அவரை மச்சான் என்பார். அப்பா வெளியூர் போனால் எங்கள் வயலுக்கு மாமா மடை திறப்பார். மாமாவுக்குக் காய்ச்சல் என்றால் அவர் வயலுக்கு அப்பா மருந்தடிப்பார். யார் வேலை யாருடையது என்று பார்த்ததே இல்லை.

செப்டம்பர் மாதம் அந்த விரிவுரையாளர் ஒரு அசைன்மென்ட் கொடுத்தார். வீட்டில் இருக்கும் நிலப் பத்திரத்தையும் பட்டாவையும் ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தார். தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் தெளிவாக மூன்று மா என்று இருந்தது. பட்டாவில் எழுதும் அளவில் அது நாற்பது ஏர்; ஒரு ஏர் என்றால் ஏறக்குறைய இரண்டரை சென்ட். பட்டாவில் முப்பத்து நான்கு ஏர்தான் இருந்தது. ஆறு ஏர் குறைகிறது. சென்ட் கணக்கில் பதினைந்து.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பட்டா விவரத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கத்து எண்களைப் போட்டுப் பார்த்தேன். மாமா பெயர் வந்தது. அவருக்கும் மூன்று மாதான் என்று ஊருக்கே தெரியும். பட்டாவில் நாற்பத்தாறரை ஏர் இருந்தது.

எங்களுக்கு ஆறு குறைகிறது, அவருக்கு ஆறரை கூடுகிறது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது வருத்தம் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம் வந்தது. ஒரு கணக்கின் விடை சரியாக வந்தால் வருமே, அந்தச் சந்தோஷம். அரை ஏர் உதைத்தது. அதை ரவுண்டிங் பிழை என்று தள்ளிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“விடு பாப்பா. அவன் எடுப்பானா?”

“எடுத்தாரான்னு எனக்குத் தெரியாதுப்பா. பேப்பர்ல இருக்கு.”

“எங்கயாவது தப்பா எழுதியிருப்பாங்க.”

“பேப்பர்ல இருக்குப்பா. நீங்களே பாருங்க.”

அப்பா எட்டாவது வரை படித்தவர். அந்தக் காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அதில் என்ன புரிந்தது என்று தெரியவில்லை. ஆனால் படிக்கிற மகள் அடித்துச் சொல்கிறாள். அது அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை டீக்கடையில் கேட்டுவிட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அப்பாவுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நான் அங்கே இல்லை, கேட்டவர்கள் சொன்னதுதான். விளையாட்டுப் போலத்தான் ஆரம்பித்தாராம். “மச்சான், என் பதினஞ்சு சென்ட்டு ஒன் பட்டாவுல இருக்காம்ல, எம் பொண்ணு சொல்லுது.” நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், “அப்புடியா சங்கதி?” என்று இழுத்தார். மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். “இத்தனை வருசமா ஒன் வயித்துல அடிச்சுத் தின்னேங்கிறியா?” என்று கேட்டுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் கல்லூரிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

“நீதான் பாத்தியா பாப்பா?”

“ஆமா மாமா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் மாமா.”

தலையை ஆட்டினார். திரும்பி நடந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அது சம்பா நடவு நேரம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா எங்கள் மடையை அடைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முறை வரும்போது தன் மடையை மட்டும் திறந்துகொண்டு போய்விடுவார், அவ்வளவுதான். எங்களுக்குத் தகவல் வராது. அப்பா போய்ப் பார்ப்பதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும். இரண்டு முறை தவறியது. நாற்றங்காலில் நாற்று முற்றிப்போனது. பத்து நாளுக்கு மேல் தள்ளித்தான் நட முடிந்தது. அந்த வருஷம் எங்களுக்கு விளைச்சல் பாதிதான். மாமா வீட்டு அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

“கணக்குப் படிக்கத்தானே அனுப்புனோம்?” என்று ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். “இத எதுக்கு அங்க சொல்லித் தர்றாங்க?”

நானும் அதையேதான் மனுவில் எழுதியிருந்தேன். ஆனால் அம்மா கேட்டபோது என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பதினைந்து சென்ட் போனால் போகட்டும் என்று இருந்திருக்க வேண்டுமா? தெரிந்துகொண்டது தப்பா, தெரிந்ததைச் சொன்னது தப்பா?

அசைன்மென்ட்டுக்கு இருபதுக்குப் பத்தொன்பது மதிப்பெண் வந்தது. வகுப்பிலேயே அதிகம். ‘எங்கள் நிலத்தில் ஆறு ஏர் பக்கத்து நிலத்தில் சேர்ந்துள்ளது’ என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ‘இது எப்படி உறுதி?’ என்று எழுதியிருந்தது. மதிப்பெண்ணைப் பார்த்த கண்ணுக்கு அது பெரிதாகப் படவில்லை.

அப்பா நிலத்தை அளக்க விண்ணப்பம் போட்டார். பொங்கல் கழித்து, அறுப்பு முடிந்த பிறகு சர்வேயர் வந்தார். தலையில் தொப்பி, தோளில் பை, என்னைவிட ஐந்தாறு வயசுதான் கூட இருக்கும் ஒரு பெண். உதவிக்கு ஒருவர். தெருவில் பாதிப் பேர் வயலுக்கு வந்துவிட்டார்கள். மாமா தூரத்தில் தன் வரப்பில் கைகட்டி நின்றார். காலையில் ஆரம்பித்து, கல் இருக்கும் இடமெல்லாம் தேடி, டேப் பிடித்து, வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தவர், வெயில் உச்சிக்கு வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டார்.

“இதுல யாரும் யாரு நிலத்தையும் எடுக்கலங்க.”

“அப்போ பதினஞ்சு சென்ட்டு?”

“இந்தா, உங்க பொண்ணு நிக்குதே, அதான்.”

எனக்குப் புரியவில்லை. கீழே பார்த்தேன். எங்கள் வயலுக்கும் மாமா வயலுக்கும் நடுவில் ஓடும் வாய்க்கால். அதன் கரையில் ஊரே நடக்கிற, டிராக்டர் போகிற பாதை. அதில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் காலத்துப் பத்திரத்தில் வாய்க்காலையும் பாதையையும் சேர்த்து மூன்று மா என்று எழுதிவிட்டார்கள். பிற்பாடு அளந்தபோது அந்த இரண்டையும் தனி உட்பிரிவாகப் பிரித்துப் புறம்போக்கு என்று வைத்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து நான் நடந்துபோன பாதை அது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மாமா இருந்த பக்கமும் பார்க்கவில்லை. அப்படியே கையில் இருந்த துண்டை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால், நான் செய்தது தப்பு, பாடம் கற்றேன் என்று எழுதி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். முடியவில்லை. சர்வேயர் மாமாவைக் கூப்பிட்டார். “நீங்க எந்த நம்பர்ல சாகுபடி பண்றீங்கன்னு தெரியுமா?” என்று கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை.

நான் இணையத்தில் பார்த்த நாற்பத்தாறரை ஏர், மாமா உழுத நிலமே இல்லை. அதற்கு அடுத்த நிலம். அதன் சொந்தக்காரர் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்ப் பல வருஷமாகிறது. எப்போதோ பெயர் ஏற்றும்போது இரண்டு பேருடைய பெயரும் இடம் மாறி விழுந்திருக்கிறது. மாமா நிலம் காகிதத்தில் சென்னைக்காரர் பெயரில் இருந்தது. சென்னைக்காரர் நிலம் மாமா பெயரில் இருந்தது.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார், “அவரு விக்க ஆளு பாத்துக்கிட்டு இருக்காருல்ல? போன மாசம்கூட ரெண்டு பேரு கார்ல வந்து பாத்துட்டுப் போனாங்களே.”

“வித்திருந்தா இவரு வயலத்தான் வித்திருப்பாரு,” என்றார் சர்வேயர். “பேப்பர் அப்படித்தான சொல்லுது.”

மாமா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அத்தை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சென்னைக்காரர் நல்ல மனுஷர். விஷயம் தெரிந்ததும் வந்து மாமாவோடு சேர்ந்து விண்ணப்பம் போட்டார். ஏழு மாதம் அலைந்து இரண்டு பேருக்கும் பட்டா சரியானது. மாமா நிலம் மாமா பெயருக்கு வந்தது. நான் அந்தப் பாடத்தைப் படிக்காமல் இருந்திருந்தால், தப்பாகப் புரிந்துகொண்டு கலகம் மூட்டாமல் இருந்திருந்தால், யாரும் அளக்கவே போவதில்லை. இதை நினைத்து நான் சந்தோஷப்படலாமா கூடாதா?

வாய்க்கால் விஷயத்தை வகுப்பில் ஏன் சொல்லித் தரவில்லை என்று அந்த விரிவுரையாளர் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ளத் தோழியின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். இருந்தது. வாய்க்கால், பாதை, ஓடை, எப்படித் தனி உட்பிரிவாகும், பழைய பத்திரத்தில் அளவு ஏன் மாறும் என்று ஒன்றரைப் பக்கம். தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை. நுழைவுத் தேர்வுக்கான கணக்குகளைப் போட நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மனு அதற்குள் மெதுவாக நகர்ந்து முதல்வர் மேஜைக்குப் போயிருந்தது. மார்ச் மாதம் ஒரு நாள் எல்லாத் துறை மாணவர்களையும் அரங்கத்துக்குக் கூப்பிட்டு, கட்டாயப் பாடம் வேண்டுமா வேண்டாமா என்று கருத்துக் கேட்டார்கள். மனு எழுதியவள் என்பதால் என்னை முதலில் பேசச் சொன்னார்கள். கடைசி வரிசையில் அந்த விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பாடத்தை நீக்கிவிட்டால் அவருக்கு அங்கே வேலை இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. மனு எழுதும்போது தெரியாது.

மைக் முன்னால் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னேன். கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனதும் நம்பியது, நாற்று முற்றியது, பாதையில் நின்றது, மாமா வரப்பில் உட்கார்ந்தது, நோட்டில் பார்த்த தேதி, எல்லாம்.

முடித்ததும் வேதியியல் மாணவன் ஒருவன் எழுந்தான். “இதுக்குத்தான் சார் வேண்டாங்கிறோம். அரைகுறையாத் தெரிஞ்சா இப்படித்தான் ஆகும்” என்றான். அவன் உட்காரும் முன்பே தமிழ்த் துறை மாணவி ஒருத்தி எழுந்து, “அரைகுறையாத் தெரிஞ்சதாலதான் தப்பு. அதனால ஒரு செமஸ்டர் போதாது, ரெண்டு வேணும்” என்றாள். இரண்டு பக்கமும் கைதட்டல். என் கதையை இரண்டு பேரும் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். முதல்வர் என்னிடம் திரும்பினார்.

“அப்போ நீ என்னம்மா சொல்ற? வேணுமா, வேண்டாமா?”

“தெரியல சார்” என்றேன். அரங்கமே சிரித்தது.

வெளியே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்த விரிவுரையாளரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. மனுவுக்கா, வராமல் போன வகுப்புக்கா? அவர் மாட்டப் போன ஹெல்மெட்டை ஸ்கூட்டி சீட்டில் வைத்தார்.

“நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வீட்டுப் பத்திரத்தக் கொண்டுவாங்கன்னு சொன்னேன். ஒரு பாடத்துக்காக உங்க வீட்டுக்குள்ள நான் வந்திருக்கக் கூடாதோ என்னமோ. பென்சில்ல எழுதினேனே, அதக் கூப்பிட்டே சொல்லியிருக்கலாம்.”

என்னைத் திட்டுவார், அல்லது தேற்றுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவரும் என்னைப் போலவே குழம்பிப்போய் நின்றார். அடுத்த வருஷம் பிறதுறைப் பாடத்தை விருப்பப் பாடமாக்கினார்கள். நில ஆவணப் பாடத்துக்கு ஆறு பேர்தான் பெயர் கொடுத்தார்கள் என்று அதை நிறுத்திவிட்டார்கள். அவர் பட்டுக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

எம்.எஸ்சி. முடித்து, இப்போது தஞ்சாவூரிலேயே ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லித் தருகிறேன். அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்கிறார்கள். முறை வந்தால் தகவல் சொல்கிறார்கள். ஆனால் இப்போது மடையைத் திறக்குமுன் ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டுத் திறக்கிறார்கள். முன்பு கேட்டதில்லை.

போன மாதம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். அவருடைய அப்பா காலத்து மனைக்கட்டு சம்பந்தமாகத் தாலுகா ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸ். என்னிடம் நீட்டினார். இரண்டு தடவை படித்தேன். பாதி புரிந்தது. புரிந்த பாதியைச் சொல்லிவிட நாக்கு துடித்தது.

“எனக்கு முழுசாத் தெரியல மாமா. நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன். ஆபீஸ்லயே போயி கேட்டுருவோம்” என்றேன்.

மாமா காகிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமே பாப்பா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சொல்லியிருந்தால் அவர் நிலம் இன்று அவரிடம் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. சொல்லாததால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போனது எதுவோ, அது திரும்பவில்லை என்பது மட்டும் தெரியும். தெரிந்துகொள்வதற்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதற்கும் நடுவில் எங்கே நிற்பது என்று, ஒவ்வொரு செமஸ்டரும் புது முகங்களுக்கு முன்னால் சாக்பீஸை எடுக்கும்போதெல்லாம் நான் இன்னமும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.